பாதி நீங்க போடுங்க

ஓடைமேட்டு நாடக சபாக்காரர்கள் நாணயமானவர்கள். யார் எதைச் சொன்னாலும் சொன்னபடியே செய்துவிடுவார்கள். அதுதான் தொல்லை.

கொட்டகை வாடகை பாக்கி ஏறிப்போய்க் கிடந்தது. அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குள் தராவிட்டால் கொட்டகையில் தேங்காய் அடுக்கிவிடுவேன் என்றார் சொந்தக்காரர் நயினார். சபாத் தலைவர் தங்கப்பழம் அலறியடித்துக்கொண்டு டவுனுக்குப் போய், கலையை வளர்க்கும் கற்பகம் அறக்கட்டளையைப் பிடித்தார்.

அதன் செயலாளர் நீலமேகம் தங்கமான மனுஷர். "முழுசையும் நாங்களே செய்யிறதில்லைங்க. இப்போ எல்லா இடத்துலயும் இதுதான் முறை. பாதி நீங்க போடுங்க, மீதிய நாங்க போடுறோம். நாடகத்துல எங்க அறக்கட்டளை பேரு நல்லா அடிபடணும், அவ்வளவுதான்" என்றார்.

சபா கூடிப் பேசியது.

"பாதின்னா எதுவரைக்கும் அண்ணாச்சி?" என்று கேட்டான் ராஜா வேஷம் கட்டும் கொம்பையா.

"ராஜா கழுத்துக்கு மேல கத்திய ஓங்குற வரைக்கும் நாம போடுவோம். வெட்டுறதா விடுறதாங்கிறது அவங்க பாடு" என்றார் தங்கப்பழம்.

"பேரு அடிபடணும்னாராமே?"

எல்லோரும் மோவாயைத் தடவினார்கள். நாடகம் முழுக்க அடிபடுகிறவர் ராஜாதான். ஆகவே ராஜாவுக்கு அறக்கட்டளையின் பெயரையே வைத்துவிட்டார்கள்.

கொடையன்று நீலமேகம் பொன்னாடையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். "அடே கற்பகம் அறக்கட்டளை!" என்று சேவகன் சாட்டையால் விளாசும்போதெல்லாம் நாற்காலியில் நெளிந்தார். கடைசியில் ராஜா மண்டியிட்டார். சேவகன் கத்தியை ஓங்கி, அப்படியே நின்றுவிட்டான்.

தங்கப்பழம் மேடையை விட்டிறங்கி வந்து கும்பிட்டார். "எங்க பாதி முடிஞ்சுதுங்க. இனி நீங்க போடுங்க."

"என்னத்தய்யா?"

"நாடகத்த."

"நான் பணத்தைய்யா சொன்னேன்!"

"நாடகக் கொட்டகைல நாடகத்தத்தானே அய்யா போடுவாவ?"

ராஜா செத்தாரா பிழைத்தாரா என்று தெரியாமல் சனம் எழுந்திருக்கவில்லை. நீலமேகத்தின் காரையும் மறித்துக்கொண்டது. மேடையிலிருந்து கொம்பையா, "கழுத்து வலிக்கி அய்யா, வெட்டுறதுன்னா சட்டுனு வெட்டுங்க" என்று கெஞ்சினான்.

வேறு வழியில்லாமல் நீலமேகம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடையேறினார். கத்தியைப் பிடுங்கி எறிந்தார், ராஜாவைக் கட்டிப்பிடித்தார், தெரிந்த பாட்டில் ரெண்டு வரி பாடினார், திரையை இழுத்துவிட்டார். கைதட்டல் கொட்டகையைப் பிய்த்தது. கூட்டத்தோடு உட்கார்ந்திருந்த எனக்கேகூடப் பிடித்திருந்தது.

மனம் குளிர்ந்துபோன நீலமேகம், சொன்னபடி பணக்கட்டை எடுத்துத் தங்கப்பழத்திடம் கொடுத்தார். பல்லெல்லாம் தெரிய நயினார் ஓடி வந்தார். தங்கப்பழம் கட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அதை நீலமேகத்திடமே நீட்டினார்.

"வெளியூர் நடிகருக்குத்தான் முதல் சம்பளம். அது எங்க சபா வழக்கம்."

"ஐயோ, இது நன்கொடைய்யா!" என்று அவர் திருப்பிக் கொடுத்தார்.

"நீங்க மீதி நாடகத்தப் போட்டீங்களே, நன்கொடை அப்பவே வந்துட்டுது. இது சம்பளம்" என்று இவர் திருப்பிக் கொடுத்தார்.

கட்டு அங்கும் இங்குமாகப் போய் வந்தது. நயினாரின் தலையும் கூடவே திரும்பித் திரும்பி ஓய்ந்துபோனது. "ஏய், என் வாடகை என்னல ஆச்சு?" என்று கத்திவிட்டார்.

அப்போது கட்டு தங்கப்பழத்தின் கையில் இருந்தது. அவர் அதை மார்போடு அணைத்துக்கொண்டு பணிவாகச் சொன்னார்: "கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி. கையில காசுன்னு ஒண்ணு வரட்டும், முதல்ல உங்களுக்குத்தான்."