கோழிகள் கேட்ட பாட்டு

அரண்மனைக் கோழிகளில் பாதிக்கு வித்வான் சேஷகிரி தினமும் பாடினார். அவற்றின் முட்டைகள் மற்றவற்றைவிடச் சராசரியில் சற்றே கனமாக இருந்தன.

"இனி நானே கோழிகளைப் பார்த்துக்கொள்கிறேன், மகாராஜா. வெள்ளையம்மாளை வேலையை விட்டு அனுப்பிவிடலாம்" என்றார் வித்வான்.

கோழி வளர்க்கும் வெள்ளையம்மாள் மறுநாள் இரண்டு கூடை முட்டைகளோடு சபைக்கு வந்தாள். "சாமி, இதுல எது உங்க பாட்டைக் கேட்டது?"

வித்வான் தராசில் நிறுத்துப் பார்த்து, சராசரி எடை கூடுதலாக இருந்த கூடையைத் தொட்டார். "இதுதான். கல்யாணி ராகம் பாடிய அன்று இட்டவை."

"ரெண்டுமே பாட்டுக் கேக்காத கோழிங்க போட்டது, சாமி. ஒரே குவியலைக் கண்ணை மூடிக்கிட்டு ரெண்டாப் பிரிச்சேன். பாட்டே இல்லாம, அப்பவும் உங்க பாட்டுக் கேட்ட கோழிங்க முட்டை அளவுக்கே ஒரு கூடை சராசரியில கனக்குது."

ராஜா அவள் பக்கம் திரும்பினார். "வெள்ளையம்மா, நீ போய்க் கோழிகளைக் கவனி. வித்வான் இனி மனிதர்களுக்கே பாடட்டும்."