முடிந்தது, நன்றி

குரு சபூராவுக்கு வயது முப்பத்திரண்டு. சீடர் தவசிக்கனிக்கு அறுபது தாண்டிவிட்டது. மடம், மதுரையில் ஒரு சைக்கிள் கடையின் மாடி. தாடி சீடருக்கு மட்டும்தான் இருந்தது.

அங்கே நடந்த தவம் இது. ‘கைகொடு’ என்று ஒரு சாப்ட்வேர். போட்டுக்கொண்டவர்களின் கம்ப்யூட்டர் சும்மா கிடக்கும் நேரத்தை அது இரவல் வாங்கும். தசை தேயும் நோயுள்ள பிள்ளைகளுக்கு மருந்து தேடும் பெரிய கணக்கு ஒன்றை நடுவிலிருக்கும் சர்வர் துண்டுபோட்டு, ஆளுக்கொரு துண்டு அனுப்பி, விடையைத் திரும்ப வாங்கிச் சேர்க்கும். கூலி கிடையாது. சாப்ட்வேரை யாரும் திருத்தி அனுப்பலாம். குரு சரி என்றால் சேரும்.

கைகொடு, கம்ப்யூட்டருக்குள் கணக்குப் போடும் கிராபிக்ஸ் கார்டைப் பிடித்தால் சக்கையாகப் பிழிந்துவிட்டுத்தான் விடும். புகார்கள் குவிந்தன.

“ஏனுங்க, கம்ப்யூட்டரு மேல தோசை ஊத்தலாமுங்க, அத்தன சூடு” என்றது கோவை.

“இன்னா சார், ஃபேன் சுத்துற சுத்துல டேபிளோட பறந்துரும் போலக்கீது” என்றது வியாசர்பாடி.

சாத்தான்குளம் ஜெபராணி டீச்சர் மட்டும் திட்டவில்லை. “கார்டு கருகிட்டு சார். வேற வாங்கிப் போட்டேன். இதுவும் போச்சுன்னா என்னால முடியாது. மெதுவா ஓட வைக்க வழியுண்டா? என் மகனுக்கும் இந்த நோய்தான்.”

கல்லூரியில் கணிதம் நடத்தி ஓய்வுபெற்ற தவசிக்கனி, அதைப் படித்துவிட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்து ஒரு திருத்தம் எழுதினார். கார்டு எவ்வளவு உழைக்கலாம் என்று வீட்டுக்காரரே குறைத்துவைக்கலாம். கொஞ்சம் ஓடும், கொஞ்சம் நிற்கும், மறுபடி ஓடும். ஒவ்வொரு துண்டு முடியும்போதும் திரையில் ஒரு வரி வரும்: ‘முடிந்தது. நன்றி.’ அந்த வரி அவர் ஆசையாகச் சேர்த்தது.

குரு சரி என்றார். புகார்கள் நின்றன.

சில மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை மத்தியானம், சீடர் அல்வாப் பொட்டலத்தோடு மாடி ஏறினார்.

“குருவே! அடியேனுக்கு ஓர் ஐயம்!”

“அண்ணாச்சி, அந்த ராஜபார்ட் குரலை விடுங்க. கீழ கடைக்கு வந்தவங்க ஓடிருவாங்க.”

“சரி தாயி. என் திருத்தத்தால நல்லது நடந்துச்சா, இல்லையா?”

குரு ஃபிளாஸ்க்கிலிருந்து ஒரு டீ ஊற்றினார்.

“கீழ சைக்கிள் கடை கார்மேகம் அண்ணன் டீ கேட்டாரு. கொண்டுபோய்க் குடுங்க. ஒரு படி இறங்கினா, இன்னொரு படி இறங்குற நேரம் நின்னுட்டுப் போங்க.”

குருவின் சோதனை என்று சீடருக்கு ஒரே குஷி. மணமேடைக்குப் போகிற பெண்ணைப் போல இறங்கினார். திரும்பி வரும்போதும் டம்ளர் நிறைந்தே இருந்தது.

“என்னாச்சு?”

“எதுத்த கடையில வாங்கிக் குடிச்சிட்டாரும்மா. ‘வாத்தியாரே, டீ காசியில இருந்தா வருது?’ன்னு கேக்காரு.”

“அப்ப ஊத்திருங்க.”

சீடர் சிரித்துக்கொண்டே டீயைத் தொட்டியில் ஊற்றினார். குரு திரையை அவர் பக்கம் திருப்பினார்.

சர்வரில், ஜெபராணி டீச்சரின் பெயருக்குக் கீழே, வரி வரியாக ஒன்றே இருந்தது. ‘கெடு கடந்தது. நீக்கப்பட்டது.’

சீடரின் சிரிப்பு பாதியில் நின்றது.

“துண்டு கெடுவுக்குள்ள திரும்பி வரலைன்னா, சர்வர் அதையே வேற ஆளுக்குக் குடுத்துரும். பிந்தி வர்றது குப்பைக்கு” என்றார் குரு.

“தெரியும் தாயி. ஆனா இப்ப கார்டு மெதுவாத்தான ஓடுது? அதுக்குத் தக்கன...”

“அதைக் கார்டுகிட்ட சொன்னீங்க. சர்வர்கிட்ட யாரு சொன்னா? அது இன்னும் பழைய வேகத்துக்குத்தான் கெடு வைக்குது.”

சீடர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

“டீச்சர் வீட்ல ராப்பகலா ஓடுதேம்மா. பள்ளிக்கூடம் போகையிலகூட அணைக்கிறதில்லையே.”

“ஆமா.”

“எத்தனை சேர்ந்துச்சு?”

“ஒண்ணுகூடச் சேரல.”

“ஒருத்தர்கூட புகார் சொல்லலையே!”

“சூடானா மெஷின் கத்தும், அண்ணாச்சி. குப்பைக்குப் போனா எது கத்தும்? நன்றின்னு வேற வருது.”

“நீங்க பாத்துத்தான சரின்னீங்க?”

“பாத்தேன். சூடு குறைஞ்சுதான்னு பாத்தேன். புகார் நின்னுச்சு. நானும் அதோட பாக்குறதை நிறுத்திட்டேன். நேத்துதான் பாத்தேன்.”

கீழே கார்மேகம் யாருடைய டயருக்கோ காற்றடித்துக்கொண்டிருந்தார்.

“அந்தப் பையன்,” என்றார் சீடர், “நன்றி வர்றப்பல்லாம் சுவத்துல ஒரு நட்சத்திரம் ஒட்டுவான். போன வாரம் டீச்சர் சொன்னாங்க, இப்ப அவனுக்குக் கை தூக்க வரலையாம். அவன் இடம் காட்டுறானாம், இவங்க ஒட்டுறாங்களாம்.”

குரு திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“சின்ன வேலைதான் தாயி. சாயங்காலத்துக்குள்ள சரிபண்ணிருவேன்.”

“பண்ணுங்க.”

மேஜையில் சீடரின் போன் அடித்தது. ஜெபராணி டீச்சர். சனிக்கிழமைகளில் கூப்பிட்டு, அந்த வாரம் ஒட்டிய நட்சத்திரங்களைச் சொல்வது அவர் வழக்கம்.

சீடர் போனைத் தொடவில்லை.

“நாளையில இருந்து ஒழுங்காச் சேர்ந்துரும். நடந்ததைப் போய் அவங்ககிட்ட எதுக்கு...” நிறுத்தினார். “சொல்லணுமா, குருவே?”

இந்த முறை அந்தக் குரலில் நாடகம் இல்லை.

குரு அல்வாப் பொட்டலத்தைப் பிரிக்காமலே அவர் பக்கம் தள்ளிவைத்தார்.

“முடிந்தது, நன்றி. நீங்க எழுதினதுதான அண்ணாச்சி? போனை எடுத்து, அதையே உங்க வாயால ஒரு தடவை சொல்லுங்க. சொல்ல வந்துச்சுன்னா, மறைச்சிரலாம்.”

தவசிக்கனி வாயைத் திறந்தார்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது.