வெள்ளத்தன்று போட்ட கையெழுத்து

“எட்டு மாசம் ஆச்சு மேடம். நீங்க எனக்கு ஒண்ணுமே சொல்லித் தரலை.”

சொன்னவர் ஆவுடையப்பன். வயது ஐம்பத்தொன்று. இருபத்திரண்டு வருடம் கிளை மேலாளராக இருந்தவர். நெஞ்சுவலி வந்து, ஓடியாடும் வேலை வேண்டாம் என்று டாக்டர் சொன்னதால், வட்டார அலுவலகத்துக் கம்ப்ளையன்ஸ் பிரிவுக்குப் பயிற்சிக்கு வந்தார். வங்கி தன் விதிகளைத் தானே மீறாமல் பார்த்துக்கொள்கிற பிரிவு அது.

கேட்டுக்கொண்டிருந்தவர் ஷெர்லின். வயது முப்பத்திமூன்று. அந்தப் பிரிவின் அதிகாரி.

“என்ன சார் சொல்லித் தரணும்?”

“நான் பார்த்த ஃபைலை எல்லாம் திருப்பி அனுப்புறீங்க. ‘இன்னொரு தடவை பாருங்க’ன்னு ஒரு சீட்டு. எது தப்புன்னு ஒரு வார்த்தை கிடையாது.”

“தப்பே இல்லாத ஃபைலும் அதுல உண்டு சார்.”

“அதை எதுக்குத் திருப்பி அனுப்பினீங்க?”

“தப்பு இல்லைன்னு என்கிட்ட சண்டைக்கு வருவீங்களான்னு பார்த்தேன்.”

ஆவுடையப்பனுக்குச் சுருக்கென்றது. தன் மகள் வயசை விடக் கொஞ்சம்தான் கூட. இந்தப் பேச்சைக் கேட்கவா இருபத்திரண்டு வருடம் உழைத்தோம் என்று இருந்தது.

அதற்குள் ஷெர்லினின் கம்ப்யூட்டரில் தலைமை அலுவலகத்துக் கடிதம் ஒன்று வந்தது. படித்தார். எழுந்தார். அலமாரிச் சாவியை மேசையில் வைத்தார்.

“எனக்குக் கட்டாய விடுப்பு சார். இப்பவே கிளம்பணும்.”

இது வங்கிகளில் உள்ள வழக்கம்தான். முக்கியமான நாற்காலியில் இருப்பவரை வருடத்தில் ஒருமுறை பத்து நாள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆபீஸ் விஷயம் யாரோடும் பேசக் கூடாது. வேறொருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, போனவர் செய்து வைத்ததை எல்லாம் கிளறிப் பார்ப்பார். திடீரென்று அனுப்ப வேண்டும் என்பது விதி. விதி கிடக்கிறது, ஒரு வாரத்துக்கு முன்பே யாராவது காதில் போட்டுவிடுவார்கள்.

ஷெர்லினின் காதில் யாரும் போட்டிருக்கவில்லை.

“என் நாற்காலியில உட்காருங்க சார். உங்க பேருதான் போட்டிருக்கு.”

“நானா?”

“ம்.”

ஆவுடையப்பன் குரலைத் தாழ்த்தினார். “மேடம், அடுத்த மாசம் நீங்க தலைமை ஆபீஸுக்குப் பிரிவுத் தலைவராப் போறீங்க. இப்பப் போய் உங்க மேல ஒரு குறை எழுதினா அது நின்னு போகுமே.”

“நின்னு போகும்.”

“ஏதாவது கண்ணுல பட்டா?”

“எழுதுங்க.”

சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு ஷெர்லின் போய்விட்டார்.

*

முதல் ஐந்து நாள் ஆவுடையப்பன் வாயடைத்துப் போனார்.

சும்மா சொல்லக் கூடாது, இப்படியும் ஒருத்தர் வேலை பார்ப்பாரா என்று இருந்தது. உரக்கடை ஒன்றுக்கு மின்கட்டண ரசீது இல்லை. கடையே இல்லையோ என்று ஷெர்லின் பஸ் ஏறிப் போய்ப் பார்த்திருக்கிறார். ‘கடை இருக்கிறது. விளக்குக்குப் பக்கத்து வீட்டிலிருந்து மின்சாரம் இழுத்திருக்கிறார்கள். ஆள் நல்லவர்’ என்று குறிப்பு. இன்னொரு ஃபைலில் ஒரே கையெழுத்தை ஏழு தடவை ஒப்பிட்டு, ஏழாவது தடவைதான் சரி என்று எழுதியிருந்தார்.

இந்தப் பெண்ணிடமா சொல்லித் தரவில்லை என்று சண்டை போட்டோம். வெட்கமாக இருந்தது.

ஆறாவது நாள் ஒரு லாக்கர் காகிதம் வந்தது.

தவமணி என்பவர், ஓய்வு பெற்ற நர்ஸ். தன் லாக்கரைத் திறக்கும் உரிமையை அண்ணன் மகனுக்குக் கொடுத்திருப்பதாக அதில் இருந்தது. ‘வாடிக்கையாளர் இன்று கிளைக்கு நேரில் வந்து, என் முன்னால் கையெழுத்திட்டார்’ என்று கிளை அதிகாரி எழுதியிருந்தார். கீழே: ‘சரிபார்த்தேன். ஷெர்லின்.’

எல்லாம் சரி. தேதிதான் இடித்தது.

அந்தத் தேதியை ஆவுடையப்பனால் மறக்க முடியாது. போன வருடம் ஆற்றில் வெள்ளம் வந்த நாள். அவர் அப்போது பக்கத்து ஊர்க் கிளையில் இருந்தார். மேசை மேல் ஏறி நின்றுதான் உயிர் பிழைத்தார். தவமணியின் லாக்கர் உள்ள கிளையும் மூன்று நாள் மூடிக் கிடந்தது. உள்ளே இடுப்பளவு தண்ணீர்.

அன்றைக்கு யார் நேரில் வந்தார்கள்? யார் முன்னால் கையெழுத்துப் போட்டார்கள்?

இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார். அந்தக் காகிதத்தை அப்படியே உள்ளே வைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. ஒரு நிமிடம் அப்படி வைக்கவும் செய்தார். பிறகு எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

*

தவமணி மாடி அறையில், சக்கர நாற்காலியில் இருந்தார்.

“பேங்குக்கா? நான் படி இறங்கியே நாலு வருஷம் ஆச்சே தம்பி.”

“லாக்கர்ல என்னம்மா இருக்கு?”

“என் மக நகை. அவ போய்ச் சேர்ந்துட்டா. நகை இருக்கு.”

“சாவி?”

“அண்ணன் மகன் கேட்டுக்கிட்டே இருக்கான். எங்க வச்சேன்னு மறந்துட்டேன்னு சொல்லிட்டே இருக்கேன். வர்ற ஞாயித்துக்கிழமை அவனே வந்து வீட்டைப் புரட்டித் தேடப் போறானாம்.”

தலையணைக்கு அடியில் கைவிட்டு, சாவியை எடுத்துக் காட்டினார்.

ஆவுடையப்பன் அங்கிருந்தபடியே கிளைக்குப் போன் போட்டு, அந்த லாக்கரை யாரும் திறக்காதபடி நிறுத்தி வைத்தார்.

*

சாயங்காலம் ஷெர்லின் வீட்டுக்குப் போனார். ஷெர்லின் வாசலில் மகனின் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார்.

“ஆபீஸ் விஷயமா சார்?”

“ஆமா மேடம்.”

“இன்னும் நாலு நாள் பேசக் கூடாது.”

“உங்களைப் பத்தி மேடம்.”

“அப்ப கண்டிப்பாப் பேசக் கூடாது.” பம்ப்பைக் கீழே வைத்தார். “காபி குடிக்கிறீங்களா?”

குடித்தார். ஒரு வார்த்தை பேசாமல் திரும்பினார்.

மறுநாள் அரைப் பக்கம் எழுதினார். அந்த அரைப் பக்கத்துக்கு முழு நாள் ஆயிற்று. தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டு, மனைவிக்குப் போன் செய்து, “மனசு சரியில்லை” என்று மட்டும் சொன்னார்.

*

ஷெர்லின் திரும்பி வந்தபோது தலைமை அலுவலகத்துக் கடிதம் மேசையில் இருந்தது. பதவி உயர்வு நிறுத்தப்பட்டிருந்தது. கூடவே ஆவுடையப்பனின் அரைப் பக்கம். அதை இரண்டு தடவை படித்தார்.

“அந்தம்மா நகை?”

“இருக்கு மேடம்.”

ஷெர்லின் உட்கார்ந்தார்.

“மேடம், ஒண்ணு கேக்கணும். என்னைச் சோதிக்க நீங்களே இதை உள்ள வச்சீங்களா?” அப்படி இருந்துவிடக் கூடாதா என்று நாலைந்து நாளாக அவர் வேண்டாத சாமி இல்லை.

“இல்லை சார். வெள்ளம் வந்தது எனக்கும் தெரியும். தேதியும் கண்ணு முன்னாடிதான் இருந்திருக்கு. விட்டுட்டேன்.”

“பதவி போச்சே.”

“போச்சு சார். கஷ்டமாத்தான் இருக்கு.” கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தலைமை அலுவலகத்துக் கடிதத்தோடு இன்னொரு தாளை இணைத்திருந்தார்கள். அதை ஆவுடையப்பன் அப்போதுதான் பார்த்தார். இரண்டு மாதத்துக்கு முன் ஷெர்லின் எழுதியது.

‘பதவி உயர்வுக்கு முன் என்னைக் கட்டாய விடுப்பில் அனுப்புங்கள். ஆவுடையப்பன் சாரை என் இடத்தில் உட்கார வையுங்கள். தேதி மட்டும் என் காதுக்கு வந்துவிட வேண்டாம்.’

ஆவுடையப்பன் தன்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டார்.

“நீங்களா கேட்டு வாங்கினீங்க?”

“ஆமா சார்.”

“கேட்டது சரி மேடம். தேதி ஏன் தெரிய வேண்டாம்னீங்க?”

ஷெர்லின் அந்தத் தாளை மடித்து வைத்தார்.

“தெரிஞ்சிருந்தா முந்தின நாள் உட்கார்ந்து எல்லாத்தையும் ஒரு தடவை எடுத்துப் பார்த்திருப்பேன் சார். இந்தக் காகிதம் என் கையில கிடைச்சிருக்கும்.”

“கிடைச்சா?”

“நான் என்ன செஞ்சிருப்பேன்னு எனக்குத் தெரியாது.”