பேச்சிக்காக மூக்கையன் வரைந்த சுவர்

மலையடிவாரத்து ஊர் ஒன்றில், ஒரு வீட்டின் பின்பக்கத் தோட்டத்தில், பெரிய மாமரம் ஒன்று நின்றது. அந்த மரத்துப் பொந்தில் இரண்டு இருவாச்சிப் பறவைகள் குடியேறின. ஆண் பறவையின் பெயர் மூக்கையன். வாழைக்காய் போல வளைந்த நீண்ட அலகு அவனுக்கு. பெண் பறவையின் பெயர் பேச்சி. பெயருக்கு ஏற்றபடி வாய் ஓயாமல் பேசுவாள்.

இருவாச்சிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. முட்டையிடும் காலம் வந்ததும் பெண் பறவை பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். மண்ணும் எச்சமும் குழைத்து வாசலை அடைத்துவிடும். ஓர் அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீற்று மட்டும் இருக்கும். உள்ளே போனதும் அதன் இறகுகள் உதிர்ந்துவிடும். புது இறகு முளைத்து, குஞ்சுகளும் ஓரளவு வளர மூன்று மாதம் ஆகும். அதுவரை ஆண் பறவைதான் இரை கொண்டு வந்து ஊட்ட வேண்டும்.

பங்குனி பிறந்தது. பேச்சி உள்ளே போனாள்.

மூக்கையன் நல்ல உழைப்பாளி. விடியும் முன்பே கிளம்பிவிடுவான். ஆலம்பழம், அத்திப்பழம், வெட்டுக்கிளி என்று கொண்டு வந்து ஊட்டுவான். ஊட்டியதும் மறுபடி பறந்துவிடுவான். பேச்சுக்கு நிற்க மாட்டான்.

"ஏங்க, கொஞ்சம் நில்லுங்க!" என்றாள் பேச்சி ஒருநாள். "வெளியில என்ன நடக்குது? சொல்லிட்டுப் போங்க."

"ஒண்ணும் நடக்கலை. எல்லாம் அப்படியேதான் இருக்கு."

"அப்படியேன்னா?"

"மரம் மரமா இருக்கு. செடி செடியா இருக்கு."

பேச்சி பெருமூச்சு விட்டாள். கீற்றின் வழியே அவளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். எதிரே இருந்த மதில் சுவர். சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவர். காலையிலும் வெள்ளை, மாலையிலும் வெள்ளை. அதைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு அலுத்துப்போனது. பேச்சும் குறைந்தது. ஒருநாள் மூக்கையன் ஊட்டிய அத்திப்பழத்தைப் பாதியிலேயே விட்டுவிட்டாள்.

மூக்கையனுக்குப் பயம் வந்தது. மதில் மேல் உட்கார்ந்திருந்த மைனாவிடம் போய்ச் சொன்னான்.

"இந்தத் தோட்டத்தைப் பத்தி என்னத்தைச் சொல்லுவே?" என்று சிரித்தது மைனா. "நாலு செடி, ஒரு கிணறு! மலைக்குப் போ மூக்கையா! அங்கே வானத்துல இருந்து விழுகிற அருவி இருக்கு. தங்க நிறத்துல பூ இருக்கு. பார்த்துட்டு வந்து சொன்னா உன் பெண்டாட்டி துள்ளிக் குதிப்பா!"

"எவ்வளவு தூரம்?"

"இதோ, இந்தப் பக்கம்தான். மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிடலாம்!"

மூக்கையன் நம்பினான். மறுநாள் காலையில் பேச்சிக்கு நான்கு பழங்களை ஊட்டிவிட்டு மலையை நோக்கிப் பறந்தான்.

மதியம் ஆனது. அவன் வரவில்லை. பொழுது சாய்ந்தது. அப்போதும் வரவில்லை. மறுநாளும் விடிந்துவிட்டது.

பேச்சியின் வயிறு காந்தியது. பசியைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். ஆனால் 'அவருக்கு ஏதாவது ஆகியிருக்குமோ' என்ற நினைப்பைப் பொறுக்க முடியவில்லை. அலகால் வாசல் மண்ணைக் கொத்தத் தொடங்கினாள். டக்! டக்! டக்!

சத்தம் கேட்டு அணில் ஓடி வந்தது.

"மதினி! என்ன பண்றீங்க? உடைக்காதீங்க!"

"விடு! அவரைத் தேடிப் போகணும்!"

"எப்படிப் போவீங்க? உங்களுக்கு இறகே இல்லையே! கீழே பாருங்க, கடுவன் பூனை உட்கார்ந்திருக்கு!"

கொத்தியதில் சற்றே அகன்றிருந்த கீற்றில் கண்ணை வைத்துப் பேச்சி கீழே பார்த்தாள். பூனை மண் உதிர்வதையே பார்த்துக்கொண்டு நாக்கால் மீசையைத் தடவிக்கொண்டிருந்தது. அவள் கொத்துவதை நிறுத்தினாள். பிறகு மெல்ல அழுதாள்.

அணில் ஓடிப்போய்க் கொடுக்காப்புளி பறித்து வந்தது. கீற்றின் வழியே ஒவ்வொரு சுளையாக உள்ளே தள்ளியது. "சாப்பிடுங்க மதினி. அண்ணன் வந்துடுவாரு. முட்டையை ஆற விடாதீங்க."

பேச்சி முட்டைகளை அணைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

நடுப்பகலில் மூக்கையன் வந்து சேர்ந்தான். இறகெல்லாம் புழுதி. மூச்சு இரைத்தது. உதிர்ந்து கிடந்த வாசல் மண்ணைப் பார்த்தான். அணில் நடந்ததைச் சொன்னது. கீற்றை ஒட்டி வந்து உட்கார்ந்தான்.

"பேச்சி... நான்... உனக்குச் சொல்றதுக்காகத்தான் போனேன். அருவி பார்த்தேன். பெரிய அருவி. அவ்வளவு தண்ணி!"

"சரிங்க," என்றாள் பேச்சி. குரல் தணிந்திருந்தது. "அருவி அங்கே இருந்துட்டுப் போகட்டும். நேத்து சாயங்காலம் ஒரு வாசனை வந்துச்சு. புளிப்பும் இனிப்புமா, நெஞ்சுக்குள்ள இறங்குற மாதிரி. நம்ம தோட்டத்துல என்னமோ பூத்திருக்கு. என்ன பூ அது? அதைத்தான் உங்ககிட்ட கேட்கணும்னு காத்திருந்தேன்."

மூக்கையன் விழித்தான். அவனுக்குத் தெரியவில்லை. இவ்வளவு நாள் இந்தத் தோட்டத்துக்கு மேலேதான் பறந்தான். ஒரு நாளாவது நின்று பார்த்ததில்லை. அவ்வளவு பெரிய மூக்கை வைத்துக்கொண்டு ஒரு வாசனையைக்கூட அவன் பிடித்ததில்லை!

"கேட்டுட்டு வரேன்," என்று முனகிவிட்டுக் கீழே இறங்கினான்.

வழியில் மைனா நின்றது. "என்ன மூக்கையா, தங்கப்பூ பார்த்தியா?"

"அப்படி ஒரு பூவே அங்கே இல்லை. நீ எப்போ பார்த்தே?"

"நான் எங்கே பார்த்தேன்? எங்க மாமா சொன்னாரு!" என்றது மைனா.

மூக்கையன் அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. செடி செடியாகப் போனான். கறிவேப்பிலையை முகர்ந்தான். முருங்கையை முகர்ந்தான். கடைசியில் கிணற்றுக்குப் பின்னால், தொட்டித் தண்ணீர் வழிந்தோடும் இடத்தில், நாரத்தைச் செடியைக் கண்டான். செடி முழுக்கப் பூ! ஒரு கொத்தை ஒடித்துக்கொண்டு ஓடி வந்தான்.

"நாரத்தை பேச்சி! நாரத்தை பூத்திருக்கு!"

பேச்சி பூவை உள்ளே வாங்கினாள். வெகுநேரம் அதை முகர்ந்தாள். பிறகு, "செடி எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"பூத்திருக்கு."

"அவ்வளவுதானா?"

மூக்கையன் திரும்பிப் போனான். இந்த முறை நின்று பார்த்தான். வந்து சொன்னான்: "பூ வெள்ளைதான். ஆனா மொட்டா இருக்கும்போது முதுகுல லேசா ஊதா பூசியிருக்கு. தேனீ வந்து உட்கார்ந்தா கொத்தே தலையாட்டுது. கீழே உதிர்ந்த இதழ் மேல எறும்பு நடந்து போகுது. அந்த எறும்புக்கு அது வெள்ளைத் திண்ணை விரிச்ச மாதிரி இருக்கும்."

"திண்ணையை யாராவது விரிப்பாங்களா? விரிப்புன்னு சொல்லுங்க!" என்று சிரித்தாள் பேச்சி. பல நாள் கழித்துக் கேட்ட சிரிப்பு அது.

அன்றிலிருந்து மூக்கையன் இரையோடு ஒரு செய்தியும் கொண்டு வந்தான். ஆனால் பேச்சில் அவன் கெட்டிக்காரன் அல்ல. பார்த்ததில் பாதி தொண்டையிலேயே நின்றுவிடும்.

ஒருநாள் வேலியில் படர்ந்திருந்த பசலைக் கொடியின் பழங்களைத் தின்றான். அலகெல்லாம் ஊதாச் சாறு. மதிலோரம் இருந்த துவைக்கிற கல்லில் நின்று, அலகைச் சுவரில் துடைத்தான். வெள்ளைச் சுவரில் ஓர் ஊதாக் கோடு விழுந்தது.

"ஏங்க! அது என்னங்க?" என்று உள்ளேயிருந்து பேச்சி கூவினாள்.

"ஒண்ணுமில்லை. அலகைத் துடைச்சேன்."

"கொடி மாதிரியே வளைஞ்சிருக்கே! அழிக்காதீங்க! இன்னொண்ணு போடுங்க!"

மூக்கையன் இன்னொன்று போட்டான். பிறகு இலையைக் கசக்கிப் பச்சை தேய்த்தான். கோவைப்பழம் கொண்டு வந்து சிவப்பு வைத்தான். சுவரில் பசலைக்கொடி படர்ந்தது. கோணலாகத்தான் இருந்தது. ஆனால் பேச்சிக்கு அது போதும்.

சித்திரை வந்தது. தெருவோரக் கொன்றை மஞ்சளாய்க் கொட்டியது. அதன் கிளை ஒன்று மதிலைத் தாண்டி உள்ளே தொங்கியது. மூக்கையன் அந்த மஞ்சளைச் சுவருக்குக் கொண்டு வந்தான். பூவரசம்பூ காலையில் மஞ்சளாக இருந்து மாலையில் சிவந்து போவதைக் கண்டுபிடித்தான். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று இரண்டு பூக்களை அடுத்தடுத்துத் தீட்டிக் காட்டினான்.

"ஒரே பூவா இது?" என்று வியந்தாள் பேச்சி.

"ஒரே பூதான்! நானும் இத்தனை வருஷம் ரெண்டு மரம்னு நினைச்சிருந்தேன்!"

வேறு தோட்டத்துப் பறவைகள் வந்து எட்டிப் பார்த்தன. மைனா மட்டும் கிண்டல் செய்தது. "சுவரை அசிங்கப்படுத்தறான்!"

வீட்டுக்கார அம்மாளும் ஒருநாள் பார்த்தாள். விளக்குமாறும் ஒரு வாளித் தண்ணீருமாக வந்தாள். சுவரைத் தேய்க்கக் கையை ஓங்கினாள். அப்போது மூக்கையன் வாயில் செம்பருத்தியோடு வந்து எதிரே இறங்கினான். பறந்து ஓடவில்லை. பூவைச் சுவரில் தேய்த்தான். மரப்பொந்தின் கீற்றிலிருந்து ஓர் அலகு நீண்டு, 'கீ' என்று சந்தோஷமாகக் கத்தியது. அந்த அம்மாள் பொந்தைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். வாளித் தண்ணீரைச் செம்பருத்திச் செடிக்கு ஊற்றிவிட்டுப் போய்விட்டாள்.

முட்டைகள் பொரிந்தன. இரண்டு குஞ்சுகள். மூக்கையனுக்கு வேலை இரட்டிப்பானது. ஆனாலும் சுவரை அவன் விடவில்லை. வைகாசி நடுவில் சுவர் முழுக்கத் தோட்டம் நிறைந்திருந்தது.

அப்போது ஒரு மாலையில் கோடை மழை வந்தது. காற்று சுழன்றடித்தது. மழை நேராகச் சுவரில் அறைந்தது. மூக்கையன் ஓடிப்போய் இறக்கையை விரித்து மறைத்தான். எவ்வளவு மறைக்க முடியும்? இரண்டு மாத உழைப்பு அவன் கண்ணெதிரே கரைந்து ஓடியது.

மழை ஓய்ந்தபோது துவைக்கிற கல் மேல் நனைந்து போய் உட்கார்ந்திருந்தான். "எல்லாம் போச்சு பேச்சி," என்றான். "நான் காட்டினது எல்லாம் போச்சு."

"ஏங்க, திரும்பிப் பாருங்க," என்றாள் பேச்சி. "மஞ்சளும் ஊதாவும் சேர்ந்து எப்படி வழியுது பாருங்க! அந்திவானம் மாதிரி இருக்கு."

மூக்கையன் பார்த்தான். நிறங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தன.

"அழிஞ்சா என்னங்க? கொன்றையும் உதிர்ந்து போச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க! மழை பெஞ்சிருக்கு. நாளைக்குப் புதுசா என்னென்ன வருமோ! அதைப் பார்த்துச் சொல்லுங்க."

மறுநாள் காலையில் ஈர மண்ணில் தம்பலப்பூச்சிகள் வந்திருந்தன. சிவப்புப் பட்டுத்துணியைக் குட்டிக் குட்டியாக உருட்டிவிட்டது போல ஊர்ந்தன. வாழையடியில் காளான் குடை விரித்திருந்தது. மூக்கையன் ஓடி ஓடிப் பார்த்தான். மூச்சு வாங்கச் சொன்னான். கழுவிய சுவரில் முதல் கோட்டை மறுபடி இழுத்தான்.

ஆனி மாதம் ஒரு காலையில் பேச்சி வாசலை உடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். வெயில் அவள் கண்ணைக் கூசச் செய்தது. புது இறகுகளை ஒருமுறை உதறிப் பார்த்தாள்.

"வா பேச்சி! தோட்டத்தைச் சுத்திக் காட்டுறேன்!" என்றான் மூக்கையன்.

"எனக்கு நீங்க காட்டணுமா? நான் முன்னால போறேன், நீங்க பின்னால வாங்க!"

பேச்சி பறந்தாள். கிணற்றுக்குப் பின்னால் நேராக நாரத்தைக்குப் போனாள். அங்கிருந்து பூவரசுக்கு. அங்கிருந்து பசலை வேலிக்கு. ஒரு செடியையும் அவள் தேடவில்லை. எல்லாவற்றுக்கும் வழி தெரிந்திருந்தது.

தோட்டத்துக் கோடியில் ஒரு மாதுளஞ்செடி. அதன் முன் சட்டென்று நின்றாள்.

"இதை நீங்க சொல்லவே இல்லையே!"

மூக்கையன் எட்டிப் பார்த்தான். கிளை நுனியில், சின்னச் சிவப்பு ஜாடி போல, ஒரு மொக்கு. "அட! நேத்து இது இல்லையே!" என்றான்.

இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொந்துக்குள்ளிருந்து குஞ்சுகள் கூவின. "அம்மா! அப்பா! என்ன பார்க்கிறீங்க? எங்களுக்கும் சொல்லுங்க!"

"இந்தா வரேன்!" என்று மூக்கையன் சுவரை நோக்கிப் பறந்தான்.

நாம் நேசிக்கிற ஒருவருக்குச் சொல்ல வேண்டும் என்று நின்று பார்க்கிற கண்ணுக்கு, வீட்டுத் தோட்டமே ஒவ்வொரு நாளும் புதிதாகத் தெரியும்.