சாலிகா விட்ட ஒரு தலை

எருமையும் மைனாவும் ஊரறியச் சண்டை போட்டுக்கொண்ட அந்தக் காலத்தில், சயாம் தேசத்தில், நெல்வயல்களுக்கு நடுவே நோங் சேங் என்று ஒரு சின்ன ஊர் இருந்தது. மூங்கில் கால்களில் நிற்கும் வீடுகள், ஒரு புளியந்தோப்பு, எல்லோருக்குமாக ஒரே ஒரு குளம். கோடை வந்தால் அந்தக் குளம் வற்றும். வற்றினால் ஊர் இரண்டுபடும். மனிதர் கோழியைத் திட்டுவார், கோழி தவளையைத் திட்டும், தவளை யாரையென்று இல்லாமல் ராத்திரி முழுக்கத் திட்டும்.

எல்லையில் இருந்த அத்திமரத்துச் சாமிக்குக் காது புளித்துப்போனது. ஒருநாள் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார்: "இந்த ஊரில் எத்தனை உயிர் இருக்கிறது என்று எனக்குக் கணக்கு வேண்டும். அத்தனை பேருக்கும் கோடை முழுக்கக் காணும்படி குளத்தை நான் நிரப்பித் தருகிறேன். ஆனால் கணக்கில் இல்லாத உயிர் இந்த ஊரில் இருக்கக்கூடாது. எல்லை தாண்டிப் போய்விட வேண்டும்."

எல்லோரும் சரி என்றார்கள். யார் எண்ணுவது என்று பேச்சு வந்தபோது எல்லாத் தலையும் சாலிகா பக்கம் திரும்பியது. சாலிகா ஒரு மைனா. மனிதர் பேச்சு, கோழி பேச்சு, மீன் பேச்சு எல்லாம் அவளுக்கு அத்துப்படி. அந்தப் பெருமையில் தலையை ஆட்டிவிட்டாள். அதுதான் அவள் செய்த முதல் தப்பு.

விடிந்ததும் தன்னையே முதலில் எண்ணிக்கொண்டாள். மைனா ஒன்று. அதோடு சுலபமான வேலை முடிந்துபோனது.

ஊர்த்தலைவி பூன்சி வீட்டுக்குப் போனாள். "வீட்டில் எத்தனை பேரம்மா?"

"நான், என் மாமியார், மூணு பேரப்பிள்ளைங்க. அப்புறம் என் மகன், மருமக."

"மகன் எங்கே?"

"ரெண்டு பேரும் படகேறிப் பட்டணத்துக்கு வேலைக்குப் போயிருக்காங்க. அறுப்புக்கு வருவாங்க."

"அறுப்புக்கு வர்றவங்க தண்ணியை இப்பவே எடுத்து வைக்கணுமா? கோடைக்கு இங்க யார் இருக்காங்களோ அவங்கதான் கணக்கு."

"என் மகன் இந்த ஊர்க்காரன் இல்லையா? அவன் பாய் இன்னும் அந்த மூலையிலதான் இருக்கு, போய்ப் பாரு!"

பாயை எண்ணுவதற்கா வந்தோம் என்று சாலிகாவுக்கு எரிச்சல் மண்டிக்கொண்டு வந்தது. அடுத்த வீட்டிலும் இதே கதை. அதற்கடுத்த வீட்டிலும் இதே கதை. பாதி வீடுகளில் கிழவர்களும் குழந்தைகளும்தான் இருந்தார்கள். மீதிப் பேர் பேச்சில் மட்டும் இருந்தார்கள்.

வீட்டுக்கு அடியில் இறங்கினால் கோழிகள். ஒரு இடத்தில் நிற்குமா அதுகள்? எண்ணி முடிக்கிற நேரத்தில் ஒன்று இந்தத் தூணைச் சுற்றி வந்து மறுபடி நிற்கும். மாமரத்துச் சிவப்பெறும்புகளோ, "கூட்டுக்கு ஒண்ணுன்னு எண்ணாதே, தலைக்கு ஒண்ணுன்னு எண்ணு" என்று அவள் காலைக் கடித்தன. தவளை வந்து, "நான் தண்ணியிலயும் இருக்கேன், தரையிலயும் இருக்கேன். ரெண்டு எடத்துலயும் எழுதிக்கோ" என்றது.

"உனக்கு வாய் எத்தனை?"

"ஒண்ணுதான். ஆனா பெரிசு."

"போய்த் தொலை!" என்றாள் சாலிகா. ஒவ்வொரு முறை வாய்ச்சண்டை முடியும்போதும் அவள் மனதில் வைத்திருந்த எண்ணிக்கை கலைந்துபோகும். மறுபடி முதலிலிருந்து வருவாள். மூங்கில் புதரிலிருந்து சேற்றில் புதைந்த கெளுத்தி மீன் வரைக்கும் எண்ணி முடித்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. தொண்டை கட்டிவிட்டது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு தலைதான்.

அது தோங். ஊருக்கே உழுகிற எருமைக்கடா. குளத்தின் சேற்றில் மூக்கும் காதும் மட்டும் தெரியப் படுத்துக்கிடந்தான்.

"தோங், கரைக்கு வாடா. எண்ணணும்."

"இதோ வர்றேன்க்கா," என்றான் தோங். வரவில்லை. அசை போட்டான்.

"டேய், வர்றியா இல்லையா?"

"வந்துட்டே இருக்கேன்க்கா." ஒரு காது மட்டும் அசைந்தது.

மூக்கை வைத்தே ஒன்று என்று எண்ணிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் காலையிலிருந்து பட்ட பாடெல்லாம் அந்த நேரம் பார்த்து அவள் தலைக்கு ஏறியது. "நீயெல்லாம் ஒரு ஆளு! உன்னை எண்ணலைன்னா என்ன குடிமுழுகிப் போகுது!" என்று கத்திவிட்டு, நேராக அத்திமரத்துக்குப் பறந்து, கணக்கை ஒப்பித்துவிட்டாள்.

மறுநாள் காலையில் ஊரே மரத்தடியில் கூடியது. குளம் கரை தளும்ப நின்றது. சாமி ஒவ்வொரு இனமாகக் கூப்பிட, பேர் வந்தவர்கள் போய்க் குளக்கரையில் நின்றார்கள். மனிதர், கோழி, எறும்பு, தவளை, கெளுத்தி, மைனா. எல்லாம் முடிந்தது. மரத்தடியில் தோங் மட்டும் நின்றான்.

"எருமை பேர் வரலையே!" என்றது தவளை. அதற்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அவன் ஒருத்தன் குடிக்கிறது நாங்க அத்தனை பேரும் குடிக்கிற தண்ணி. போகட்டும்!"

பூன்சிக்குத் தெரியும், அவன் போனால் உழவு இல்லை. ஆனால் திரும்ப எண்ணச் சொன்னால் பட்டணத்து மகன் பேச்சும் திரும்ப வரும். சாலிகாவோடு சண்டை போட்டு அவனைக் கணக்கில் ஏற்றியிருந்தாள் பாவம், அதை இழக்க மனசில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சாலிகா, உன் கணக்கில் பிழை உண்டா?" என்று கேட்டார் சாமி.

ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். எதிரே தவளை பல்லிளித்தது. எறும்புகள் கிசுகிசுத்தன. "என் கணக்கிலயா? பிழையா? இல்லை!" என்று வந்துவிட்டது வாயில்.

"தப்பு என்மேலதான் சாமி," என்றான் தோங். "அக்கா கூப்பிட்டாங்க. நான்தான் எழுந்திருக்க நேரமாக்கிட்டேன்." சொல்லிவிட்டு எல்லையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தான்.

சாலிகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். இப்படிப் பழியைத் தானே தூக்கிக்கொண்டு போகிறானே! நேற்று கரைக்கே வராதவன், இன்றைக்கு ஊரைவிட்டுப் போவதற்கு மட்டும் என்ன வேகம்!

"டேய் நில்லுடா!" நிற்கவில்லை. பறந்துபோய் அவன் முதுகில் உட்கார்ந்து, காதருகே வாயை வைத்துத் திட்டினாள். "கூப்பிட்ட நேரத்துக்கு வந்திருந்தா இதெல்லாம் வருமா? அறிவிருக்கா உனக்கு? எங்கடா போவே? அந்தப் பக்கம் தண்ணி ஏது?"

அவள் கண்ணில் நீர் வந்துவிட்டது. அதற்கும் அவனையே திட்டினாள்.

எல்லைக்கல்லுக்கு ஒரு அடி இருக்கும்போது சாமி குரல் கொடுத்தார். "சாலிகா, இறங்கு. மைனா ஒன்று என்று சொல்லியிருக்கிறாய். உன் பங்கு ஊருக்குள்தான்."

"இறங்க மாட்டேன்."

"ஏன்?"

என்ன சொல்வது என்று அவளுக்கே தெரியவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னாள். "எதிலிருந்து இறங்கறது? இதுதான் நான். அந்த மைனா ஒண்ணு இதுதான். என் கணக்கு சரி!"

ஊர் கொல்லென்று சிரித்தது.

"அந்த நாலு காலும்?" என்றார் சாமி.

"என்னோடதுதான்."

"கொம்பு?"

"என்னோடதுதான். நல்லா இல்லையா?"

"மைனா குடிப்பது ஒரு வாய்த் தண்ணீர்தானே?"

"ஒரு வாய்தான்," என்று தோங்கின் வாயை அலகால் காட்டினாள். "அது எவ்வளவு பெரிசுன்னு சாமியே பார்த்துக்கட்டும்."

அத்திமரம் வேர்வரை குலுங்கியது. சாமி சிரிக்கிறாரா, கோபமா என்று யாருக்கும் புரியவில்லை. "சரி, கணக்கு சரிதான்," என்றார் கடைசியில். "ஆனால் நான் எப்போது எட்டிப்பார்த்தாலும் நீங்கள் ஒரே ஆளாக இருக்க வேண்டும். இரண்டாகப் பார்த்தேனோ, அவன் வெளியே."

சாலிகா கால்விரல்களை அவன் முதுகில் இன்னும் இறுக்கிக்கொண்டாள். தோங் மெதுவாகத் திரும்பிக் குளத்தைப் பார்த்து நடந்தான். "ரொம்ப நன்றிக்கா," என்றான். "பேசாதே, நட!" என்றாள்.

அன்றைக்கு ஏறியவள்தான். அந்த நாளிலிருந்துதான் எருமை எங்கே நின்றாலும் அதன் முதுகில் ஒரு மைனா உட்கார்ந்திருக்கிறது. பூச்சி பொறுக்குகிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அது பாட்டுக்குத் திட்டிக்கொண்டேதான் இருக்கிறது. ஆனால் தான் இறங்கினால் அவனுக்குத் தண்ணீர் இல்லை என்று அதற்குத் தெரியும்.