ராட்டினத்தில் ஏறிய தொப்பி

மிருகங்களும் பறவைகளும் நம்மைப் போலவே பேசிக்கொண்டு, அண்ணன் தம்பி என்று முறை சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், கொண்டலாத்திக்குக் கொண்டை கிடையாது. தொப்பிதான் இருந்தது.

கொண்டலாத்தியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். செம்மண் நிறத்தில், இறக்கையில் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்டுக்கொண்டு, நீளமான அலகால் புல்தரையைக் குத்திக் குத்திப் புழு எடுக்கும். அந்த இனத்தில் பூமாலை என்று ஒருவன் இருந்தான். அவன் மனைவி அன்னக்கொடி. மூன்று பிள்ளைகள். மூத்தது இரண்டும் பறக்கக் கற்றுக்கொண்டுவிட்டன. கடைசிப் பெண் வேம்புக்கு இன்னும் இறக்கை முளைத்து முடியவில்லை.

பூமாலையின் தொப்பியைத் தைத்துக் கொடுத்தது தூக்கணாங்குருவி. நீள நீளமான இறகுகளை விசிறி போல அடுக்கி, ஒவ்வொன்றின் நுனியிலும் கறுப்பு வைத்து, அவ்வளவு அழகாகச் செய்திருந்தது. அதற்காகப் பூமாலை ஒரு மழைக்காலம் முழுக்கக் குருவிக்குப் புழு தோண்டிக் கொடுத்தான்.

தொப்பிமேல் அவனுக்கு அவ்வளவு ஆசை இருந்ததற்குக் காரணம் உண்டு. கொண்டலாத்தியின் கூடு நாறும். அது அவர்கள் குற்றமில்லை, படைப்பு அப்படி. ஆனாலும் நாலு பேர் கூடுகிற இடத்தில் பூமாலை போய் உட்கார்ந்தால், பக்கத்தில் இருப்பவர்கள் ஏதோ நினைவு வந்தது போல எழுந்து நகர்ந்துவிடுவார்கள். தொப்பி வந்த பிறகு அது மாறியது. அதே ஆட்கள் இப்போது "வாங்க, இப்படி உக்காருங்க" என்றார்கள். நாற்றம் போய்விடவில்லை. தொப்பியைப் பார்த்துக்கொண்டே அதைப் பொறுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். அதனால் பூமாலை தூங்கும்போதுகூடத் தொப்பியைக் கழற்றுவதில்லை.

ஆறு வளைகிற இடத்தில் விளையாட்டுத் தோப்பு என்று ஒன்று அந்நாளில் இருந்தது. கோடை வந்தால் காட்டில் உள்ளவர்கள் எல்லாம், பக்கத்து ஊர் மனிதர்கள் சிலரும்கூட, குடும்பத்தோடு அங்கே போய் இரண்டு மூன்று நாள் தங்கிவிட்டு வருவார்கள். நீர்நாய்கள் நடத்துகிற சறுக்கல் உண்டு. ஆலம் விழுதில் ஊஞ்சல் உண்டு. சாயங்காலம் மயிலின் ஆட்டம். எல்லாவற்றையும்விடப் பெரிது மூங்கில் ராட்டினம். அதில் கூடைகள் தொங்கும். யானை கீழே நின்று துதிக்கையால் தள்ளித் தள்ளிச் சுற்றும்.

வேம்பு வெகுநாளாய் ராட்டினம், ராட்டினம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பறக்கிற சாதிக்கு ராட்டினம் எதற்கு என்று அண்ணன்கள் கேலி செய்தார்கள். எனக்கு இன்னும் பறக்க வரவில்லையே, மேலே இருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிய வேண்டாமா என்று அவள் அழுதாள். சரி என்று அந்தக் கோடையில் கிளம்பினார்கள். அந்தப் பக்கம் போகிற எருமையின் முதுகில் ஐந்து பேரும் உட்கார்ந்தார்கள். கிளம்புமுன் அன்னக்கொடி கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவரே, போகும்போதும் வரும்போதும் நீரே துணையாயிரும்" என்று சொன்னாள். பூமாலை அந்த நேரத்தில் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

தோப்பு வாசலில் ஒரு கொக்கு நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் தொப்பி ஒழுங்கு சொல்லிக்கொண்டிருந்தது. அக்காலத்தில் பறவைகளில் பாதிப் பேர் தொப்பிக்காரர்கள். வெயிலில் நடக்கும்போது போட்டுக்கொள்ளலாம். சாப்பிட உட்கார்ந்தால் கழற்ற வேண்டும். ஆட்டம் பார்க்கும்போது கழற்ற வேண்டும், பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்கும். ராட்டினத்தில் ஏறும்போது கட்டாயம் கழற்றி, கீழே கொடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் மடியில் வைத்து அமுக்கிக்கொள்ள வேண்டும். ஆட்டத்துக்குக் காரணம் சொன்ன கொக்கு ராட்டினத்துக்குக் காரணம் சொல்லவில்லை. அது எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டது.

முதல் நாள் சாயங்காலம் மயில் ஆட்டம் நடந்தது. பூமாலை முன்வரிசையில் தொப்பியோடு உட்கார்ந்திருந்தான். பின்னால் ஒரு கீரிப்பிள்ளை குடும்பம். சற்று நேரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எட்டிப் பார்த்த கீரி, கடைசியில் அவன் தோளைத் தொட்டது.

"அண்ணே, நாங்க மயில் பாக்க வந்தோம். ரொம்ப நேரமா உங்க தொப்பியத்தான் பாத்துக்கிட்டிருக்கோம்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். கழற்றினால் தன் தலை வெறும் தலையாகிவிடும், பக்கத்தில் இருப்பவர்கள் நகர்ந்துவிடுவார்கள் என்று பூமாலைக்குப் பயம் வந்தது. தலையில் புண் என்று சொல்லிவிட்டான். கீரி பாவம், அப்படியா, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வேறு இடம் போய்விட்டது. அன்னக்கொடி அவனைத் திரும்பிப் பார்த்தாள். தங்குமிடத்துக்கு வந்த பிறகு, இல்லாத புண்ணை ஏன் சொன்னீர்கள் என்று மெதுவாகக் கேட்டாள். மூன்று நாள்தானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று அவன் சொல்லிவிட்டான். அவள் மேற்கொண்டு பேசவில்லை. அவள் கொஞ்சம் பேசியிருக்கலாம்.

மறுநாள் காலையில் ராட்டினத்துக்குப் போனார்கள். ஒரு கூடைக்கு இரண்டு பேர்தான். அப்பாவோடு போகிறேன் என்று வேம்பு சொன்னாள். அன்னக்கொடி மூத்தவர்கள் இருவரையும் வைத்துக்கொண்டு கீழே மணலில் நின்றாள்.

ராட்டினத்தில் ஆட்களை ஏற்றி இறக்குவது பேச்சி என்கிற மந்தி. கூடையில் கால் வைக்கிற ஒவ்வொருவரின் தலையையும் பார்ப்பாள். தொப்பி இருந்தால் வாங்கிப் பக்கத்து மரக்கிளையில் மாட்டுவாள். பூமாலையிடமும் கை நீட்டினாள். தலையில் புண் என்று அவன் ஆரம்பித்தான்.

"புண்ணுன்னா காத்துப் படட்டும் தம்பி, ஆறும்," என்றாள் பேச்சி.

அவன் விடவில்லை. கோரைப்புல்லால் தாடைக்குக் கீழே இறுக்கிக் கட்டியிருக்கிறேன், அசையாது என்று தலையை ஆட்டிக் காட்டினான். வரிசையில் பின்னால் நின்ற காட்டுப்பன்றி, கலியாணப் பேச்சா நடக்கிறது, சீக்கிரம் ஏறச் சொல்லு என்று முணுமுணுத்தது. அதற்குப் பின்னால் நின்றவர்களும் சத்தம் போட்டார்கள். பேச்சி, மேலே காற்று அதிகம், ஒரு கையால் பிடித்துக்கொள் என்று சொல்லி விட்டுவிட்டாள். இன்னொரு கை பிள்ளைக்கு என்று அவள் சொல்லவில்லை. அப்பனுக்கு அதைச் சொல்ல வேண்டுமா என்று நினைத்தாள்.

யானை தள்ளியது. கூடை மேலே போனது. பூமாலை ஒரு இறக்கையால் வேம்பை அணைத்துக்கொண்டு, இன்னொன்றால் தொப்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முதல் சுற்றில் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் சுற்றில் கூடை உச்சிக்குப் போனபோது, யாரையோ ஏற்றுவதற்காக யானை நிறுத்தியது. ஆறு முழுவதும் தெரிந்தது. அக்கரையில் மேய்கிற மாடுகள் எறும்பு போலத் தெரிந்தன.

"அப்பா, நம்ம வீடு எந்தப் பக்கம்?" என்று வேம்பு கேட்டாள்.

அவன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். அப்போது ஆற்றுப் பக்கமிருந்து காற்று வந்தது. பெரிய காற்று ஒன்றுமில்லை. ஆனால் விசிறி போல விரிந்த தொப்பிக்கு அது போதும். கோரைப்புல் அறுந்தது. தொப்பி எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, ஆற்றைப் பார்த்துப் போனது.

பூமாலை யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டான். இரண்டு இறக்கையையும் விரித்துத் தொப்பியின் பின்னால் பாய்ந்தான். அவன் உதைத்துக் கிளம்பிய வேகத்தில் கூடை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வேம்பு விளிம்பைப் பிடிக்கப் பார்த்தாள். பிடிக்கிற அளவுக்கு அவள் கால் நகம் வளர்ந்திருக்கவில்லை.

கீழே நின்ற அன்னக்கொடி மேலேயே பார்த்துக்கொண்டிருந்தவள். கூடையிலிருந்து ஏதோ விழுவதைப் பார்த்தாள். அது என்னவென்று அவளுக்குத் தெரிவதற்கு முன்பே அவள் இறக்கை எழும்பிவிட்டது. பாதி உயரத்தில் பிள்ளையை மோதிப் பிடித்தாள். தாங்க முடியவில்லை. இரண்டு பேருமாகச் சுழன்று வந்து மணலில் விழுந்தார்கள், அவள் கீழே, வேம்பு மேலே.

ஆற்றின் நடுவிலே தொப்பியைக் கவ்விப் பிடித்துவிட்ட பூமாலை, அப்புறம்தான் திரும்பிப் பார்த்தான். ஆட்கள் ஓடுவது தெரிந்தது. பறந்து வந்து இறங்கினான். அலகில் தொப்பி இருந்ததால் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூட அவனால் முடியவில்லை.

வேம்புக்குச் சிராய்ப்புதான். அன்னக்கொடியின் வலது இறக்கை பிசகிவிட்டது. பேச்சி அழுதுகொண்டே ஆலம்நார் வைத்துக் கட்டினாள். பத்து நாள் அசைக்கக் கூடாது என்றாள். அதனால் ஊர் திரும்ப முடியாமல் அங்கேயே ஒரு புங்க மரத்தடியில் தங்கினார்கள். யாரும் பூமாலையைத் திட்டவில்லை. தொப்பியில்லாமல் அவன் உட்கார்ந்திருந்தான், பக்கத்தில் யாரும் வரவும் இல்லை. அதை அவன் கவனித்ததாகவே தெரியவில்லை.

அவன் கவனித்தது வேறு. புழு கொண்டுவந்து நீட்டினால் வேம்பு வாயைத் திறக்க மாட்டேன் என்றாள். அதே புழுவை அண்ணன் கொடுத்தால் வாங்கிக்கொண்டாள். அவன் நெருங்கினால் அம்மாவின் நல்ல இறக்கைக்குள் போய்விடுவாள். கோபம் இல்லை. கோபமாக இருந்தால் சமாதானப்படுத்தலாம். அப்பா பக்கத்தில் இருந்தால் விழுந்துவிடுவோம் என்று அந்தச் சின்னது நினைத்துக்கொண்டுவிட்டது. இப்படியே வளர்ந்தால், இறக்கை முளைத்த பிறகும் அவள் தன்னோடு பறக்க வர மாட்டாள் என்று பூமாலைக்குப் புரிந்தது.

ஏழாம் நாள் அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குக் கிளம்பினான். எங்கே போகிறீர்கள் என்று அன்னக்கொடி கேட்டாள். தண்ணீரில் போடப் போகிறேன் என்றான்.

அவள் கொஞ்ச நேரம் கண்ணை மூடி இருந்தாள். அவள் எதைச் செய்வதற்கு முன்னும் அப்படி இருப்பது வழக்கம். பிறகு சொன்னாள்:

"ஆத்துல போட்டீங்கன்னா, போட்ட இடத்தையே பாத்துக்கிட்டு இருப்பீங்க. உங்கள எனக்குத் தெரியும். அது உங்க தலையிலேயே இருக்கட்டும். கழண்டு போகாத மாதிரி இருக்கட்டும். அப்ப அதப் பிடிக்க இறக்கை தேவைப்படாது, பாருங்க. இறக்கை ரெண்டும் பிள்ளைக்கு ஆகும்."

காற்றுக்கு விரிந்து இழுக்குமே என்று அவன் கேட்டான்.

"விரிச்சு வச்சா இழுக்கும். மடக்கி வைங்க. கால் தரைய விட்டுக் கிளம்பும்போது மடக்கணும். இறங்கி, பிள்ளைங்க எல்லாம் இருக்கான்னு பாத்துட்டு, அப்புறம் விரிச்சுக்கங்க. யார் வேணாம்னா?"

வேப்பம்பிசின் கொண்டுவரச் சொன்னாள். தொப்பியைப் பிரித்து, ஒவ்வொரு இறகாகப் பிசினில் தொட்டு, ஒற்றை இறக்கையை ஊன்றிக்கொண்டு, அலகாலேயே அவன் உச்சந்தலையில் வரிசையாக நட்டாள். காலையில் தொடங்கிய வேலை சாயங்காலம்தான் முடிந்தது. ஒவ்வொரு இறகையும் நட்டு முடித்ததும் அவள் அலகு மெல்ல அசைந்தது. என்ன சொன்னாள் என்று அவன் கேட்கவில்லை. ஆண்டவர் கேட்டார் போலிருக்கிறது. பிசின் காய்ந்த இடத்தில் இறகு வேர் பிடித்துவிட்டது. மறுநாள் அவன் நெற்றியைச் சுருக்கினால் விசிறி விரிந்தது, தளர்த்தினால் பின்பக்கமாகப் படிந்தது.

கட்டு அவிழ்த்த அன்று, ஊருக்குக் கிளம்புமுன், பூமாலை ராட்டினத்தடிக்குப் போய் நின்றான். வேம்பைக் கூப்பிடவில்லை. வரிசையில் தன் முறை வந்ததும், பேச்சி கை நீட்டுமுன்பே, கொண்டையைப் படிய மடக்கிக்கொண்டு கூடையில் ஏறினான். பக்கத்து இடம் காலியாக இருந்தது. யானை அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத் தள்ளாமல் நின்றது. அன்றைக்குக் காட்டுப்பன்றிகூட ஒன்றும் சொல்லவில்லை.

வேம்பு அம்மாவைப் பார்த்தாள். அம்மா போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.

வேம்பு தத்தித் தத்தி நடந்து கூடைக்கு வந்தாள். உட்காரவில்லை. முதலில் அப்பாவின் தோளில் ஏறி, தலையில் மடங்கியிருந்த இறகைக் கவ்வி ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தாள். வலித்தது அவனுக்கு. வரவில்லை அது. இன்னொரு முறை இழுத்தாள். அப்போதும் வரவில்லை. அப்புறம்தான் இறங்கி அவன் இறக்கைக்குள் போய் உட்கார்ந்தாள்.

"நம்ம வீடு எந்தப் பக்கம்னு நீங்க சொல்லவே இல்லப்பா," என்றாள்.

பூமாலை இரண்டு இறக்கையாலும் அவளை மூடிக்கொண்டான். ராட்டினம் உச்சிக்குப் போனபோது காற்று வந்தது, அவர்கள்மேல் பட்டு, அப்படியே தாண்டிப் போனது. வீடு இருந்த திசையை அவன் அலகால் காட்டினான்.

அதற்கடுத்துப் பிறந்த கொண்டலாத்திகள் கொண்டையோடே பிறந்தன. அவை எல்லாம் பறக்கும்போது கொண்டையை மடக்கிக்கொள்வதும், தரையில் கால் ஊன்றிய பிறகே ஒரு தடவை விரித்துப் பார்ப்பதும் அன்று வந்த பழக்கம்தான். வரிசையில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் மனிதர்களும் சிலர் இருந்தார்கள். ராட்டினத்தில் ஏறியவுடன் நாமும் தொப்பியைக் கழற்றி மடியில் செருகிக்கொண்டு, காலியான கையால் பக்கத்தில் இருக்கிற பிள்ளையைப் பிடித்துக்கொள்கிறோமே, அது அந்த நாளிலிருந்து வருவதுதான்.