நகராத புள்ளி

"என் கணக்குல நடுக்கமே இல்லைங்க மேடம். மெஷின்தான் நடுங்குது."

வெள்ளியங்கிரி இதைச் சொன்னபோது ஜெசிந்தா சிரிக்கவில்லை.

படுக்கையில் கிடக்கும் நோயாளியைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைக்கும் இயந்திரம் அது. சக்கரம் வைத்த அடித்தட்டு, அதன்மேல் ஒரு தூண், தூணில் மோட்டாரால் ஏறி இறங்கும் கை. மணல் மூட்டையைத் தொங்கவிட்டால், கை மேலே போய் நின்ற பிறகும் நடுங்கியது.

ஜெசிந்தா கல்லூரிப் பேராசிரியை. இந்தப் பட்டறையில் இயந்திரங்களை வடிவமைக்கும் வெள்ளியங்கிரி, அவருடைய மாலை வகுப்பில் ஐம்பத்து மூன்று வயதில் சேர்ந்தவர். ஆசிரியரைவிடப் பதினைந்து வயது மூத்த மாணவர். இரும்பானாலும் மின்சாரமானாலும் புள்ளியும் கோடுமாக வரை, சமன்பாடு தானே வரும் என்பதுதான் அங்கே பாடம்.

"வரைபடத்தக் காட்டுங்க சார்."

காட்டினார். தூண், கை, மூட்டு, மோட்டாரின் மின்சுற்று, எல்லாம் இருந்தன.

"கோடு ஏதாவது விட்டுப்போச்சா?"

"மூணு வாரமா எண்ணிட்டிருக்கேனுங்க. ஒண்ணும் விடலை."

"அப்ப தப்பு எங்கே?"

வெள்ளியங்கிரி தான் எழுதிய ஓர் அறிக்கையை நீட்டினார். 'ஃபிட்டர் மாசிலாமணியின் கவனக்குறைவு' என்று அதில் இருந்தது. நாலு மணிக்கு முதலாளி படிப்பார். படித்தால் நாளை மாசிலாமணிக்கு வேலை இல்லை.

மாசிலாமணி இயந்திரத்தருகே நின்றிருந்தார்.

"பதினொரு வருசமா போல்ட் முறுக்கறேன் மேடம். சார் வரைஞ்சதுல நான் ஒரு புள்ளியாக்கூட இல்லை. தப்பு மட்டும் எம்மேல."

ஜெசிந்தா வரைபடத்தின் அடியில் இருந்த பெரிய கரும்புள்ளியைத் தொட்டார்.

"இது?"

"நிலமுங்க. நகராத புள்ளி. எடையுள்ள எதுக்கும் அங்கிருந்து ஒரு கோடு வரணும்னு நீங்கதானே சொன்னீங்க."

"மெஷின்ல அது எங்கே இருக்கு?"

"அடித்தட்டுங்க. நாலு சக்கரத்துக்கும் பிரேக் போட்டாச்சே."

"மாசிலாமணிண்ணா, ஓட்டுங்க. சார், நீங்க தட்டுமேல கை வையுங்க."

வெள்ளியங்கிரி முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து உள்ளங்கையை வைத்தார். இயந்திரத்தின் கை ஏறியது, நின்றது.

வைத்த கை நடுங்கியது.

வயசாச்சு என்று நினைத்தார். கையை எடுத்துப் பார்த்தார். நடுக்கமில்லை. மறுபடி வைத்தார். நகராத புள்ளி என்று அவர் வரைந்த அடித்தட்டு, பிரேக் போட்ட சக்கரங்களின் ரப்பர்மேல் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

"நிறுத்தட்டுங்களா சார்?" என்றார் மாசிலாமணி.

வெள்ளியங்கிரி தலையசைத்தார். எழுந்து, அறிக்கையில் மாசிலாமணியின் பெயரை அடித்தார். பிறகு அதே இடத்தில் தன் பெயரை எழுதினார்.

மாசிலாமணி எட்டிப் பார்த்தார்.

"பேரு மாறினா நடுக்கம் போயிருமுங்களா?"

வெள்ளியங்கிரி வரைபடத்தை இழுத்தார். அடித்தட்டுக்குத் தனியாக ஒரு புள்ளி வைத்தார். சக்கரத்துக்கு ஒன்றாக நாலு கோடு, தட்டின் எடைக்கு ஒரு கோடு. எல்லாவற்றையும் கீழே கொண்டுபோய்ப் புதிய கரும்புள்ளியில் சேர்த்தார்.

"இப்ப நிலம் எது சார்?" என்றார் ஜெசிந்தா.

"இந்தத் தரைங்க. நாம நிக்கற தரை."

"அது நகராதா?"

நகராது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார் வெள்ளியங்கிரி.

சொல்லாமல், மறுபடி குனிந்து, தரையில் கை வைத்தார்.